கடைசியாக அமுக்கியவர்

பூட்டுப் போட்டிருக்கிறீர்களா, தம்பி?

பெட்டிக்கு இல்லை. பெட்டியை யார் தூக்கப்போகிறார்கள். உங்கள் மகள் கையில் இருக்கிற போனைச் சொல்கிறேன். மதுரையில் ஏறியதிலிருந்து பார்க்கிறேன், பிள்ளை தலையைத் தூக்கவில்லை. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு இதில் அனுபவம் உண்டு. அதனால் கேட்டேன்.

போட்டிருக்கிறீர்கள். நல்லது. திறக்கிற அதிகாரம் யாருக்கு? உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும். சரி. அவர்கள் எந்த ஊர்? உசிலம்பட்டி. நீங்கள் மதுரை. அப்படியானால் பிழைத்தீர்கள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். எனக்குப் பேச்சை வளர்க்கத் தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான் கொரேரா. தூத்துக்குடி. துறைமுகத்தில் கேட் பார்த்தவன். பாஸ் இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. எவ்வளவு பெரிய அதிகாரி கார் வந்தாலும் கண்ணாடியை இறக்கச் சொல்வேன். ரிட்டயர் ஆன அன்று எனக்கு மாலை போட வந்தவனிடமே பாஸ் கேட்டேன் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். பொய். அவனிடம் பாஸ் இருந்தது.

ஒரே மகன், ஜெரால்ட். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். குசும் என்று பெயர். ராஜஸ்தான் பெண், ஜைனர்கள். நல்ல பெண். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அன்று எனக்கு ட்யூட்டி. லீவு கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கவில்லை. அது இப்போது எதற்கு.

பேத்தி ஜியானா. ஒன்பது வயது. தமிழ், இந்தி, கன்னடம், இங்கிலீஷ் நாலும் பேசுவாள். ஒரே வாக்கியத்தில்.

அவள் போனில் ஒரு விளையாட்டு. சுடுவது வெட்டுவது எல்லாம் இல்லை. ஆற்றங்கரையில் ஒரு கிராமம் கட்ட வேண்டும். வீடு, வயல், சந்தை, திருவிழா. புதிதாக எது வேண்டுமென்றாலும் பிள்ளை கேட்க வேண்டும். கேட்டால் பெரியவர்கள் போனில் மணி அடிக்கும். 'ஜியானா பசுமாடு கேட்கிறார்.' கீழே இரண்டு பொத்தான். பச்சை என்றால் அனுமதி. சிவப்பு என்றால் தடை. அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

தாயும் தகப்பனும் நாள் முழுக்க மீட்டிங்கில். மீட்டிங் நடுவில் மாடு கேட்டு மணி அடித்தால் எப்படி இருக்கும்? ஒரு நாள் ஜெரால்ட் போன் போட்டான்.

"டாடி, நீங்க சும்மாதான இருக்கீங்க..."

"ஏல, சும்மா இருக்கேன்னு உனக்கு யார் சொன்னா?"

"சரி, பிஸியாதான் இருக்கீங்க. இதையும் சேத்துப் பாத்துக்கிடுங்க."

என் போனில் அதை ஏற்றிக் கொடுத்தான். 'பாதுகாவலர்' என்று என் பெயருக்கு மேலே வந்தது. ரிட்டயர் ஆன பிறகு முதல் தடவையாக எனக்கு ஒரு கேட் கிடைத்தது. காலையில் சவரம் செய்துவிட்டுத்தான் போனைக் கையில் எடுப்பேன்.

முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? தூண்டில். நெஞ்சு நிறைந்துவிட்டது, தம்பி. யாருடைய பேத்தி! பச்சையை அமுக்கினேன். அமுக்கிவிட்டு என் மனைவி பிலோமினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் பார்க்கிறேன், 'பன்வர்லால் தடுத்தார்' என்று இருக்கிறது.

"எவம்ல அது பன்வர்லால்?"

"டாடி... அது குசும் அப்பா."

சம்பந்தி என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் பழக்கம். பெயர் எதற்கு? அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவருக்கு இதுல என்ன வேலை?"

"அவரும் பாதுகாவலர்தான் டாடி. உங்களை மட்டும் போட்டா குசுமுக்குச் சங்கடமா இருக்கும்ல."

"சரி. நான் திறந்ததை அவர் எப்படிப் பூட்டலாம்?"

"ரெண்டு பேர்ல யாரு வேணாலும் திறக்கலாம், யாரு வேணாலும் பூட்டலாம். கடைசியா யார் அமுக்குறாங்களோ அதான் நிக்கும்."

இது ஒரு சட்டமா? ஒரு கேட்டுக்கு இரண்டு காவல் போட்டால் லாரி எந்தப் பக்கம் போகும்?

மறுபடி திறந்தேன். மறுபடி பூட்டினார். திறந்தேன். பூட்டினார். பாலி என்று ஒரு ஊர், ஜோத்பூர் பக்கம். அங்கே துணிக்குச் சாயம் போட்டு விற்கிற வியாபாரம். ஊரில் கடலும் இல்லை, குறிப்பிட்டுச் சொல்லும்படி ஆறும் இல்லை. அந்த ஊர்க்காரர் என் பேத்தி மீன் பிடிப்பதைத் தடுக்கிறார்.

மீன் மட்டுமா? கோழி கேட்டாள். நான் பச்சை, அவர் சிவப்பு. தேன்கூடு கேட்டாள். சிவப்பு. தேன் எடுப்பது தேனீக்குச் செய்கிற துரோகமாம். சரி, அதுவரை போகட்டும். உருளைக்கிழங்கு கேட்டாள், தம்பி. உருளைக்கிழங்கு! அதற்கும் சிவப்பு. பொறுக்க முடியாமல் மருமகளையே கூப்பிட்டேன்.

"ஏம்மா குசும், கிழங்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"மண்ணுக்குள்ள இருக்கறதைப் பிடுங்கினா கூடவே சின்னச் சின்ன உயிரெல்லாம் போகும், டாடி ஜி. எங்க வீட்டுல சாப்பிட மாட்டாங்க."

"இது போன்ல இருக்குற மண்ணும்மா. இதுல ஏது உயிரு? உங்கப்பாவுக்கு இதுகூடவா தெரியாது?"

"போன்ல இருக்குற மீனைக் குழம்பு வைக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே, டாடி ஜி? அந்த மாதிரிதான்."

சிரித்தாள். நல்ல பெண்தான். ஆனால் எதற்கு நடுவில் மீனை இழுத்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் என்ன சொல்கிறேன் என்றால், அவரவர் ஊர் வழக்கத்தை அவரவர் ஊரோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தை விளையாடுகிற இடத்தில் கொண்டுவந்து திணிக்கக் கூடாது. நான் அப்படி எதையும் தடுக்கிறவன் இல்லை.

பொழுது சாய்ந்த பிறகு வெளியே போவதைத் தடுத்தேன். அது வழக்கம் இல்லை, ஒழுக்கம். அந்த விளையாட்டில் இருட்டினால் சந்தை கூடும், பாட்டு, ஆட்டம். சிவப்பு. அவளுடைய பொம்மைக்குக் கையில்லாத சட்டை கேட்டாள். சிவப்பு. ஹோலி கேட்டாள். தெருவில் போகிறவனெல்லாம் பொம்பளைப் பிள்ளை முகத்தில் கலர் பூசுவதா? சிவப்பு. இதையெல்லாம் அந்த மனிதர் திறந்துவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள். கோழிக்கு இரக்கப்படுகிறவர் ஆட்டத்துக்கு அனுமதி கொடுக்கிறார். அவர்கள் பக்கம் கல்யாணத்தில் மாமியார் மாமனாரே ஆடுவார்களாம். ஆடட்டும். எங்கள் பக்கம் கை தட்டுவதோடு சரி.

டிசம்பர் பிறந்ததும் நட்சத்திரம் கேட்டாள், குடில் கேட்டாள். எனக்கு முந்தி அவரே பச்சையை அமுக்கியிருந்தார். மனிதர் பரவாயில்லை என்று நினைத்தேன். கேக்கைத் தடுத்துவிட்டார். முட்டை.

பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மேல் அவளுக்குத் தனிப் பாசம். மீன், கோழி எல்லாம் விடிகாலையில்தான் கேட்பாள். அவர் கோயிலுக்குப் போகிற நேரம் அது. கண் விழித்ததும் தாத்தா ஞாபகம், வேறென்ன? அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்வரை மீன் பிடிக்கலாம். அப்புறம் அவர் வந்து பூட்டுவார். ஆட்டம், சந்தை மட்டும் நான் செபமாலை சொல்கிற நேரமாகப் பார்த்து வரும். போனைத் தூர வைத்திருப்பேன். செபம் முடித்து எடுத்துப் பார்த்தால் அவர் திறந்துவிட்டு, ஆட்டம் முடிந்து, சந்தையும் கலைந்திருக்கும். நான் செபம் சொல்கிற நேரம் பாலியில் இருக்கிறவருக்கு எப்படித் தெரிந்தது? யாரோ தகவல் கொடுக்கிறார்கள். ஜெரால்ட் வீட்டுக்குள்ளேயே அவருக்கு ஆள் இருக்கிறது. அது யார் என்று இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு தடவை போனில் கேட்டேன். "பிடிச்ச மீனை எல்லாம் என்னம்மா பண்ணுத?"

"ஆத்துலயே விட்டுடுவேன் தாத்தா."

சின்ன மீனாக இருந்திருக்கும்.

இதெல்லாம் சில்லறை விஷயம். உண்மையான சண்டை கிறிஸ்துமஸ் லீவுக்கு. பிள்ளை தூத்துக்குடிக்கு வந்து இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. போன தடவை பாலிக்குப் போனாள். அதற்கு முந்தின தடவை ஏதோ காய்ச்சல். பிலோமினா இந்த வருஷம் குடிலே வைக்கவில்லை. "புள்ளை இல்லாம எதுக்குங்க? நமக்கு நாமே வச்சுப் பாத்துக்கிடவா?" என்று அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்துவிட்டாள்.

இந்தத் தடவை எங்கே என்று மருமகளைக் கேட்டேன். "அவளே சொல்லட்டும், டாடி ஜி." அவளைக் கேட்டேன். "லீவு விடட்டும் தாத்தா, சொல்றேன்." எனக்குச் சந்தேகமே இல்லை. மீனுக்குத் திறந்துவிடுகிறவன் நான். பூட்டுகிறவர் அவர். பிள்ளை எங்கே வரும்? நீங்களே சொல்லுங்கள். அதனால் கேட்டுக்கொண்டிருக்காமல், லீவு விடுகிற நாளுக்குக் கையோடு கூட்டிவர நானே பெங்களூர் போனேன்.

கதவைத் திறந்தால் சாப்பாட்டு மேசையில் வெள்ளைக் குர்தா போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என்னைவிட ஒல்லி. மீசை மட்டும் என்னைவிடப் பெரியது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. காலடியில் ஒரு பெட்டி. அவரும் கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறார்.

"ஜியானா எங்க?" என்றேன்.

குசும்தான் சொன்னாள். "ஹாசன் ஊருக்குப் போயிட்டா, டாடி ஜி. அவ ஃப்ரெண்டு சிந்தூரா வீட்டுக்கு. காலையிலயே கிளம்பிட்டாங்க." அதையே இந்தியில் தன் அப்பாவிடமும் சொன்னாள்.

"யாரைக் கேட்டுப் போனா?"

அவரும் அதே நேரத்தில் ஏதோ சத்தம் போட்டார். என்ன சொல்கிறார் என்று ஜெரால்டைக் கேட்டேன்.

"நீங்க சொன்னதைத்தான் டாடி."

அந்த நேரம் பார்த்து இரண்டு போனிலும் மணி அடித்தது. 'பாதுகாவலர் இருவரையும் நீக்க ஜியானா கேட்கிறார்.' பச்சை, சிவப்பு.

யோசிக்க என்ன இருக்கிறது? சிவப்பை அமுக்கினேன். நிமிர்ந்தால் அவரும் அமுக்கிவிட்டு நிமிர்கிறார். அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நானும் காட்டினேன். சிவப்பு, சிவப்பு. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எங்களுக்கு ஒரு விஷயம் ஒத்துப்போனது. அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன்.

"உங்கப்பா விவரமானவர்தாம்மா" என்று மருமகளிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நிமிஷம் பிள்ளையிடமிருந்து போன். ஜெரால்ட் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"ரெண்டு பேரும் சேந்து நோ சொன்னீங்களா? அய்யோ, ஃபர்ஸ்ட் டைம்!"

"ஏம்மா, எங்களை எதுக்கு நீக்கச் சொல்லுத?"

"பின்ன என்ன தாத்தா? நான் ஒண்ணு கேட்டா டிங், டிங், டிங்னு ரெண்டு பேரும் சண்டை போடறீங்க. அங்க வந்தாலும் 'யாரைக் கேட்டுப் போன, யாரைக் கேட்டுத் தின்ன'ன்னு கேப்பீங்க. நானாஜியும் அப்படித்தான். அதான் ரெண்டு ஊருக்கும் வரலை."

நானாஜி என்றால் அம்மாவைப் பெற்றவர். அவருக்கு இந்தியில் அதையே சொன்னாள். அவர் தலை குனிந்துகொண்டார். அவரை அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்ப தூத்துக்குடிக்கு வரவே மாட்டியா?"

"வர்றேன் தாத்தா. நியூ இயருக்கு வர்றேன். அங்கேருந்து பாலிக்கும் போறேன். ஆனா முதல்ல ரெண்டு பேரும் அதுலேருந்து வெளிய போங்க. மறுபடி கேக்கறேன், பச்சை அமுக்குங்க."

கேட்டாள். இரண்டு போனிலும் மணி. கேட்டது ஒரு நாள் நிற்கும். அதற்குள் கடைசியாக யார் எதை அமுக்கினாரோ அதுதான் முடிவு. இரண்டு பேருமே ஒன்றும் அமுக்காவிட்டால் பழையபடி நாங்கள்தான் பாதுகாவலர். நேற்று மதியம் கேட்டாள். இன்று மதியத்தோடு முடிகிறது.

பிள்ளை வர வேண்டும், அதில் எனக்கு வேறு பேச்சு இல்லை. பிலோமினா இருக்கிற நிலையில் பிள்ளை வந்தே ஆக வேண்டும். ஆனால் பச்சையை அமுக்கிவிட்டால் விடிகாலையில் மணி அடிக்காது, தம்பி. எழுந்து, சவரம் செய்து, எதற்கு? தவிர, இப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போக ஆரம்பித்திருக்கிறது. இந்த நேரத்தில் பிள்ளை எங்களை வெளியே அனுப்புகிறேன் என்றால் என்ன நியாயம்?

அவர் அமுக்கட்டும் என்று நான் இருந்தேன். நான் அமுக்கட்டும் என்று அவர் இருந்தார். நான் அமுக்கினால் அவர் சிவப்பைப் போட்டுவிட்டு, 'பார், நான்தான் உன்னைக் கைவிடவில்லை' என்று பிள்ளையிடம் நல்ல பெயர் வாங்கிக்கொள்வார். அவரை நம்பித் தனியாக விட முடியாது. அதனால்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஆமாம், ஊருக்குத்தான். இந்த இடம் அவருடையது. இப்போதுதான் இறங்கினார். மணியாச்சியில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும், சுடுதண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். கொதிக்க வைக்காத தண்ணீர் குடிக்க மாட்டார். இவ்வளவு நேரமும் இங்கேதான் இருந்தார், உங்களுக்குக் கும்பிடு போட்டாரே, அவர்தான். மெதுவாக ஏன் பேச வேண்டும்? அவருக்குத் தமிழ் தெரியாது.

நான் கூப்பிடவில்லை. பெங்களூர் வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் யார் இருக்கிறார்கள்? நான் பையைத் தூக்கினேன். அவரும் பெட்டியைத் தூக்கினார். ஏன் என்று கேட்க எனக்குப் பாஷை இல்லை. அவர் கடலே பார்த்ததில்லை என்று குசும் சொன்னாள். கடலாவது ஒன்றாவது. என் பெருவிரலை வேவு பார்க்க வருகிறார். எனக்குத் தெரியாதா?

பிலோமினாவிடம் போனில் சொல்லிவிட்டேன். "ஏட்டி, சம்பந்தி வர்றாரு. பண்டிகை முடியுற வரைக்கும் வீட்டுல மீன் கூடாது."

"என்னது?"

"கறி கூடாது. முட்டை கூடாது. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கூடாது. பொழுது அடையுறதுக்குள்ள ராச்சாப்பாடு."

"அப்ப கிறிஸ்துமஸுக்கு நாம என்னத்தத் திங்க?"

"புடலங்காய்."

"என்னங்க, உங்களுக்கு மேலுக்கு ஒண்ணும் இல்லையே? ஜெரால்ட் பக்கத்துல இருந்தா குடுங்க."

அவளுக்கு விருந்தாளி என்றால் என்னவென்று தெரியாது. வருகிறவர் ஊர் வழக்கத்தை நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

இருங்கள். மணி அடிக்கிறது.

'பன்வர்லால் அனுமதித்தார்.'

பார்த்தீர்களா? பார்த்தீர்களா தம்பி! பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே வேலையைக் காட்டிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அமுக்க முகம் இல்லை. தண்ணீர் என்று சாக்குச் சொல்லி இறங்கி, எனக்குத் தெரியாமல்... அந்த ஆளுக்கு நான் புடலங்காய் சொல்லி வைத்திருக்கிறேன்!

விடுவேனா? கடைசியாக அமுக்குகிறவன் நான். இதோ சிவப்பு. பெருவிரலுக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு அமுக்கு போதும்.

வருகிறார். நீங்கள் ஒன்றும் தெரியாத மாதிரி இருங்கள். பாஷை தெரியாது, ஆனால் முகம் பார்க்கிற ஆள்.

உட்கார்ந்துவிட்டார். என் போனைப் பார்க்கவில்லை, கவனித்தீர்களா? ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். வெளியே என்ன இருக்கிறது, மணியாச்சியில்? கண்ணைத் துடைக்கிறார். தூசி. இந்தப் பக்கம் செம்மண்.

ம்.

போனில் சார்ஜ் இல்லை.

இல்லை தம்பி, தீர்ந்துவிட்டது. திரை வெளிச்சமாகத்தான் இருக்கும், பழைய போன், அப்படித்தான். இதோ அணைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய், குளித்து, இவருக்குச் சாப்பாடு போட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து சாயங்காலமாக ஏற்றிக்கொள்ளலாம். என்ன அவசரம்?

ப்ளக்கா? எங்கே? அது வேலை செய்யாது. இந்த வண்டியில் எதுதான் வேலை செய்கிறது?

உங்கள் போன் ஏறுகிறதா. ஏறட்டும். நான் கேட்டேனா?